தட்டிக்கு அந்தப் பக்கம் என் மகள்

என் மகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த டீச்சரை எனக்குப் பிடிக்காது. அவள் மோசமாகச் சொல்லிக்கொடுத்திருந்தால் பிடிக்காமல் போனதற்கு ஒரு நியாயம் இருந்திருக்கும். நன்றாகச் சொல்லிக்கொடுத்தாள், அதுதான் பிடிக்கவில்லை. அதே பள்ளியில், அதே வராந்தாவில், அடுத்த அறையில் நின்று நானும் அதே கணக்கைத்தான் இருபது வருடத்துக்கு மேலாகச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கிறேன். என் மகள் ஒரு நாளும் என்னிடம் கணக்குக் கேட்டதில்லை.

வகுப்பெல்லாம் மலையாளத்தில் நடக்கிற எங்கள் பள்ளியில் பிளஸ் ஒன் சயன்ஸுக்கு இரண்டு பேட்ச். ஏ என்னுடையது. மகள் பத்து முடித்து எங்கள் பள்ளியிலேயே சேர்ந்தபோது நானே பிரின்சிபலிடம் போய் அவளை பி பேட்சில் போடச் சொன்னேன். டீச்சரின் பிள்ளை டீச்சரின் வகுப்பிலேயே இருந்தால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள். இன்டர்னல் மார்க்கை வாரிக் கொடுத்தாள் என்பார்கள். அதற்கு இடம் கொடுக்கக்கூடாது என்று நினைத்தேன். அப்போது பி பேட்சுக்குக் கணக்கு எடுத்தவர் ஒரு வயதான சார். பிள்ளைகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டே போர்டில் எழுதி, அழித்து, போர்ஷன் முடித்துவிட்டுப் போகிறவர். அவரிடம் ஒன்றும் விளங்காமல் பிள்ளை சாயங்காலம் என்னிடம்தான் வந்து நிற்கும் என்பது என் மனக்கணக்கு. அந்த சார் ரிட்டயர் ஆனார். அவர் இடத்துக்கு மலைப் பக்கத்துப் பள்ளி ஒன்றிலிருந்து மாற்றலாகி இவள் வந்தாள். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்று எங்கள் பக்கம் சொல்வார்கள், அது இதுதான்.

அவள் என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது இளையவள். போனக்காடு தேயிலைத் தோட்டத்துத் தமிழ்க் குடும்பம். அதுவரை பள்ளியில் தமிழ் பேசுகிற கணக்கு டீச்சர் நான் ஒருத்திதான். அந்தப் பெருமையும் போயிற்று. வந்த அன்றே ஸ்டாஃப் ரூமில் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, "டீச்சருக்க மகளாக்கும் எனக்க கிளாஸ்ல இருக்கது, அல்லே? நல்ல மோளு" என்றாள். வந்து ஒரு பீரியட்தான் ஆகியிருந்தது. அதற்குள் என்ன நல்லதைக் கண்டாள் என்று எனக்குத் தெரியவில்லை.

இதெல்லாம்கூடத் தாங்கியிருப்பேன். எங்கள் இரண்டு வகுப்பும் ஒரே நீள ஹாலை நடுவில் பிளைவுட் தட்டி வைத்து மறித்தவை. தட்டி கூரைவரை போகாது. இந்தப் பக்கம் சாக்பீஸ் உடைந்தால் அந்தப் பக்கம் கேட்கும். பழைய சார் இருந்தவரை அது ஒரு தொந்தரவே இல்லை, அவர் குரல் முன் பெஞ்சைத் தாண்டாது. இவள் வந்த பிறகு என் பிள்ளைகள் என்னைப் பார்த்துக்கொண்டே அவள் சொல்வதைக் கேட்கத் தொடங்கினார்கள். அங்கே சிரிப்பு எழும்போது இங்கே உதடுகள் அசையும். என் வகுப்பில் சிரிப்பு எழும்பியதே இல்லை, எழும்பவேண்டிய அவசியம் இருப்பதாகவும் எனக்குத் தோன்றியதில்லை.

அப்போது நாங்கள் எடுத்துக்கொண்டிருந்தது சார்புகள். ஒரு எண்ணைப் போட்டால் இன்னொரு எண்ணைத் தருகிற ஏற்பாடுதான் சார்பு. அதற்குள் எந்தெந்த எண்களைப் போடலாம் என்பதைத் தமிழ்ப் புத்தகம் சார்பகம் என்று சொல்லும், வகுப்பில் டொமைன் என்போம். நான் அதை இரண்டே வரியில் நடத்துவேன். கீழே பூஜ்யம் வரக்கூடாது. ரூட்டுக்குள் மைனஸ் வரக்கூடாது. இந்த இரண்டையும் பிள்ளைகளைச் சேர்ந்து சொல்லவைப்பேன். பரீட்சையில் அதற்கு மேல் கேட்கமாட்டார்கள், என் பிள்ளைகள் அந்தக் கேள்வியில் மார்க்கை விட்டதுமில்லை.

தட்டிக்கு அந்தப் பக்கம் அவள் லிஃப்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள். லிஃப்டில் ஏறுகிற ஆட்களின் எண்ணிக்கைக்கு ஒரு சார்பு வைத்தால் அதில் இரண்டரையைப் போடலாமா என்று கேட்டாள். இரண்டரை ஆள் எப்படி இருப்பான் என்று ஒரு பையன் நடந்து காட்டினான் போல, வகுப்பே சிரித்தது. அப்புறம் மாடியில் இருக்கிற தண்ணீர் டாங்க். மோட்டார் போட்டால் நிமிஷத்துக்கு இத்தனை லிட்டர் என்று ஃபார்முலா ஏறிக்கொண்டே போகும். டாங்க் நிறைந்த பிறகும் ஃபார்முலாவுக்கு நிறைந்தது தெரியாது. அப்படியானால் நேரத்துக்கு டொமைன் எதுவரை? அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்த என் மகள் யூனிஃபார்ம்கூட மாற்றாமல் மாடிக்கு ஏறி, டாங்க் நிறைந்து வழிகிறவரை போனில் நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். வழிந்த தண்ணீர் பக்கத்து வீட்டில் உலர்த்தியிருந்த மிளகாய் மேல் விழுந்து, சண்டைக்கு வந்தவளிடம் நான்தான் பதில் சொன்னேன்.

"சொன்னா நானே சொல்லித் தந்திருப்பேனே மக்ளே" என்றேன் மகளிடம்.

"ஒங்கிட்ட கேட்டா நான் கேக்குகதுக்கு முன்ன நீ ஆன்சர் சொல்லிருவ" என்றாள்.

பொய்யில்லை. அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஏழும் எட்டும் எத்தனை என்று விரல் மடக்கத் தொடங்கினால் மூன்றாவது விரலிலேயே நான் பதினைந்து என்றுவிடுவேன். எனக்கு அது அன்பாகத்தான் தோன்றியது. அவள் விரலை நீட்டிக்கொண்டு போய்விடுவாள். பத்தாம் வகுப்புவரை அவளுக்கு டியூஷன் வேறொரு வீட்டில், கணக்கு டீச்சரின் மகள் கணக்குக்கு டியூஷன் போகிறாள் என்று தெருவில் கேலி.

கணக்குப்பிள்ளை வேலையில் இருக்கிற என் வீட்டுக்காரருக்கு இது ஒரு விளையாட்டு. நாகர்கோவில் பக்கத்துக்காரர், வார்த்தையைச் சுற்றி வளைக்கமாட்டார். மகள் சாப்பிட்டுக்கொண்டே எங்க டீச்சர் இப்படிச் சொன்னாங்க, எங்க டீச்சர் அப்படிச் சொன்னாங்க என்று தொடங்கினால் அவர் சோற்றைப் பிசைந்தபடி என் முகத்தைப் பார்ப்பார்.

"ஒனக்கு அசூயையாக்கும்" என்றார் ஒருநாள்.

"எனக்கென்னத்துக்கு அசூயை? பிள்ளை படிச்சா சரிதான்."

"சாம்பாரை இலைக்கு வெளிய ஊத்துக, பாத்துக்க" என்றார்.

அசூயைதான். வயிறு எரிந்தது. மகள் கணக்கில் நல்ல மார்க் வாங்கினால் எரியும், குறைந்த மார்க் வாங்கினால் கொஞ்சம் அடங்கும். பெற்ற தாய் இப்படி நினைப்பாளா என்று கேட்டால், நினைத்தேன். எனக்கு வேண்டியது மார்க் இல்லை. அந்த வகுப்பில் ஒருநாள் எழுந்து நின்று, இது எங்க அம்மா சொல்லித் தந்தது என்று அவள் சொல்லவேண்டும். அது தட்டிக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்கவேண்டும். அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது.

பிறகு பெட்டி வந்தது.

முப்பது சென்டிமீட்டர் நீளம், இருபது சென்டிமீட்டர் அகலத்தில் ஒரு அட்டை. நாலு மூலையிலும் ஒரே அளவில் சதுரத்தை வெட்டி எடுத்துவிட்டு ஓரங்களை மடக்கி நிமிர்த்தினால் மூடியில்லாத பெட்டி கிடைக்கும். சதுரத்தின் பக்கம் எக்ஸ் என்றால் பெட்டியின் கொள்ளளவு எக்ஸ் பெருக்கல் முப்பது கழித்தல் இரண்டு எக்ஸ் பெருக்கல் இருபது கழித்தல் இரண்டு எக்ஸ். எக்ஸின் டொமைன் என்ன? இது எல்லாப் புத்தகத்திலும் இருக்கிற கணக்கு. அந்த டீச்சர் அதைப் போர்டில் போடவில்லை. எல்லோரும் பழைய காலண்டர் அட்டையை வெட்டிப் பெட்டி செய்து கொண்டு வரவேண்டும், அரிசி கொட்டி அளந்து பார்ப்போம், யாருடைய பெட்டி அதிகம் கொள்கிறதோ அவர் மறுநாள் இனிப்பு கொண்டு வரவேண்டும் என்றாள். ஜெயித்தவர்தான் செலவு செய்யவேண்டும் என்பது அவள் வகுப்பு வழக்கம்.

என் மகள் கூடத்துத் தரையில் காலண்டர் அட்டைகளைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்தாள். கத்தரிக்கோலும் ஸ்கேலும் பசையும் சுற்றிக் கிடந்தன. நான் துணி மடிக்கிற சாக்கில் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவள் எட்டு சென்டிமீட்டர் வெட்டி, ஒடுக்கமான ஒரு பெட்டியை நிமிர்த்திப் பார்த்துக்கொண்டிருந்தாள். என் நாக்கு நுனியில் விடை வந்து நின்றது. ஏறக்குறைய நாலுக்குக் கிட்டே வெட்டினால் அதிகம் கொள்ளும்.

"மக்ளே, நாலு..."

"சொல்லாண்டாம்மா. வெட்டிப் பாக்கணும்னு டீச்சர் சொல்லீருக்கு."

வாயை மூடிக்கொண்டேன். அவள் அடுத்த அட்டையில் பத்தைக் குறித்தாள். நாலு மூலையும் போனபின் நடுவில் ஒரு பட்டைதான் மிஞ்சியது. அதன் இரண்டு முனையையும் மடக்கி நிமிர்த்திப் பார்த்தாள், அது பெட்டியாகவில்லை. அதைப் பார்த்து அவளாகவே சிரித்துக்கொண்டாள். என்னோடு கணக்குப் போட உட்கார்ந்து அவள் சிரித்து நான் பார்த்ததில்லை. மடித்த துணியை எல்லாம் உதறி மறுபடி மடித்தேன்.

மறுநாள் எனக்கும் அந்த டீச்சருக்கும் ஒரே பீரியட். அந்தப் பக்கம் அரிசி கொட்டுகிற சத்தம் கேட்டது. நாற்காலிகள் நகர்ந்தன, எண்ணினார்கள், கை தட்டினார்கள். கடைசியில் என் மகளின் பேர் சொல்லிக் கத்தினார்கள். என் பிள்ளைகள் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள், நான் சந்தோஷப்படுவேன் என்று நினைத்திருப்பார்கள்.

நான் அன்று நடத்தவேண்டிய பாடத்தை விட்டுவிட்டு அதே கணக்கைப் போர்டில் எழுதினேன். கத்தரிக்கோல் இல்லாமல், அரிசி இல்லாமல் இதை எப்படிப் போடுவது என்று காட்டுகிறேன் என்றேன். கொஞ்சம் உரக்கவே சொன்னேன், தட்டியைத் தாண்டிப் போகட்டும் என்றுதான். கொள்ளளவு மைனஸாக இருக்கமுடியாது, ஆகவே இது பூஜ்யத்தைவிடப் பெரியதாக இருக்கவேண்டும். எண் கோடு போட்டு பூஜ்யம், பத்து, பதினைந்து என்று குறித்தேன். ஒவ்வொரு இடைவெளியிலும் பிளஸ், மைனஸ் எழுதினேன். பூஜ்யத்துக்கும் பத்துக்கும் இடையில் பிளஸ். பத்துக்கும் பதினைந்துக்கும் இடையில் மைனஸ். பதினைந்துக்கு மேலே மறுபடி பிளஸ்.

அந்த இரண்டாவது பிளஸைக் கண்டதும் எனக்கு ஒரு சந்தோஷம் வந்தது, அதை இன்றும் மறக்கமுடியவில்லை. அந்த வகுப்பின் கத்தரிக்கோல் பத்தோடு நின்றுவிட்டது. என் கோடு பத்தைத் தாண்டிப் போய் இன்னொரு இடத்தையும் பிடித்துவிட்டது. வெட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் இது கிடைக்குமா?

"டொமைன் பூஜ்யத்திலிருந்து பத்து வரைக்கும், அதோடு பதினைந்துக்கு மேலே உள்ள எல்லா எண்ணும்" என்று சத்தமாகச் சொல்லி எழுதினேன். "சந்தேகம் இருந்தால் பதினாறு போட்டுப் பாருங்கள். முந்நூற்று எண்பத்து நாலு கன சென்டிமீட்டர் வரும்."

பிள்ளைகள் குனிந்து எழுதிக்கொண்டார்கள். நான் சொன்னால் எழுதிக்கொள்வார்கள், அப்படித்தான் பழக்கியிருக்கிறேன். தட்டிக்கு அந்தப் பக்கம் சத்தம் அடங்கியிருந்தது. அங்கே எல்லோர் கையிலும் அட்டை இருந்தது. இருபது சென்டிமீட்டர் அகலத்தில் இரண்டு மூலையிலும் பதினாறு பதினாறு வெட்ட அட்டைக்கு எங்கே போவது? அங்கே யாரோ ஒரு பிள்ளை களுக்கென்று சிரித்தது. இன்னொன்று சேர்ந்துகொண்டது. அப்போதுதான் நான் போர்டைத் திரும்பிப் பார்த்தேன். டஸ்டரைத் தேடினேன்.

சிரிப்பு ஒன்று இரண்டாகி வகுப்பு முழுக்கப் பரவுவதற்குள் அந்த டீச்சரின் குரல் கேட்டது. மலையாளத்தில், நிதானமாக, இந்தப் பக்கமும் கேட்கிறமாதிரி சொன்னாள். சிரிக்கவேண்டாம், பக்கத்து டீச்சர் அவர்கள் பிள்ளைகளுக்கு ஒரு கெணி, எலிப்பொறி மாதிரி ஒன்று, வைத்திருக்கிறார், எங்கே தப்பு என்று அவர்கள்தான் கண்டுபிடிக்கவேண்டும், நீங்கள் இங்கிருந்து விடை சொல்லிக் கெடுத்துவிடாதீர்கள் என்றாள்.

என் வகுப்பில் தலைகள் நிமிர்ந்தன. முன் பெஞ்சுப் பெண் போர்டையும் கையிலிருந்த நோட்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "டீச்சரே, பதினாறு வெட்டான் பேப்பர் வேண்டே?" என்று கேட்டாள். வெட்டுவதற்கு அட்டை வேண்டாமா என்கிறாள்.

"ஆங், அதுதான்" என்றேன். "ஏன் இவ்வளவு நேரம் யாரும் கேட்கவில்லை?"

பிள்ளைகள் சிரித்தார்கள். என் வகுப்பில் முதல் தடவையாகச் சிரிப்பு எழும்பியது, அதுவும் அவள் போட்ட பிச்சை. கிணற்றில் விழுந்தவளை எதிரி கையைக் கொடுத்துத் தூக்கிவிட்டால் எப்படி இருக்கும் என்று அன்று தெரிந்துகொண்டேன். அவள் பிள்ளைகளை என்னைப் பார்த்துச் சிரிக்கவிட்டிருந்தால் அவளைத் தாராளமாக வெறுத்திருக்கலாம். மத்தியானம் ஸ்டாஃப் ரூமில் அவள் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. தன் டப்பாவிலிருந்து மரச்சீனிக் கிழங்கும் மீன் குழம்பும் எடுத்து என் தட்டில் வைத்தாள். ருசியாக இருந்தது, அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

சாயங்காலம் மகள் அந்தப் பெட்டியோடு வந்தாள். ஜெயித்த பெட்டி, நாலு சென்டிமீட்டர் வெட்டினது. ஒரு பக்கம் ஏதோ மாதத்துத் தேதிகளும் ராகுகாலமும் தெரிந்தன.

"அம்மா, நாளைக்கு இதுல போளி கொண்டு போணும். கிளாஸுக்கு வேற மிட்டாய் வாங்கியாச்சு, இது டீச்சருக்கு மட்டும்."

ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்பார்கள். பள்ளியிலிருந்து வந்து கால்கூட நீட்டாமல் கடலைப் பருப்பை வேகப்போட்டேன். வெல்லம் சேர்த்து அரைத்துப் பூரணம் பிடித்தேன். மஞ்சள் போட்டுப் பிசைந்த மாவில் வைத்து வாழையிலையில் மெல்லிசாகத் தட்டிக் கல்லில் போட்டேன். மனம் ஒரு இடத்தில் இல்லை. திருப்பும்போது ஒரு போளி நடுவில் கிழிந்து பூரணம் வெளியே வந்து கருகியது. மகள் கை கழுவப் போன நேரத்தில் அதை மடித்துப் பெட்டியின் அடியில் வைத்தேன். அதன்மேல் நல்ல போளிகளை அடுக்கினேன்.

மகள் திரும்பிவந்து அடுப்புத் திண்டில் சாய்ந்து நின்றாள். அவளிடம் கேட்கக்கூடாது என்று பள்ளியிலிருந்து வீடுவரை பஸ்ஸில் நினைத்துக்கொண்டே வந்தேன். கேட்டுவிட்டேன்.

"காலைல நீயும் சிரிச்சியா?"

"எதுக்கு?"

"எதுக்குன்னு தெரியாதா? அது கெணியும் இல்ல, ஒண்ணும் இல்ல. நான் தப்பாத்தான் போட்டேன்."

"தெரியும்" என்றாள். போளியின் ஓரத்தைக் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டு, "எனக்கும் மொதல்ல அதான் வந்துது" என்றாள்.

"எது?"

"பத்து வரைக்கும், பெறகு பதினஞ்சுக்கு மேல. வெட்டுகதுக்கு முந்தி, கிளாஸ்ல வச்சு நம்பர் லைன் போட்டுப் பாத்தேன். நீ போடுகது போலத்தான், பிளஸ் மைனஸ் போட்டு. டீச்சர் பாத்துட்டு, இந்த பேட்ச்ல ஒருத்தருக்கும் இது அறியாதே, நீ எங்கேருந்து படிச்சேன்னு கேட்டுது."

பிளஸ் மைனஸ் போடுகிற கோட்டை நான் அவளுக்கு ஒருநாளும் சொல்லிக்கொடுத்ததில்லை. வீட்டு மேஜையில் உட்கார்ந்து பரீட்சைப் பேப்பர் திருத்தும்போது போட்டிருப்பேன். வகுப்பில் நான் சொன்னது தட்டியைத் தாண்டி அவளுக்குக் கேட்டிருக்கும். என்னைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

"நீ என்ன சொன்ன?"

"ஒண்ணும் சொல்லல்ல."

"ஏன்? அம்மாட்டேருந்துன்னு சொன்னா என்ன?"

மகள் என்னை விசித்திரமாகப் பார்த்தாள்.

"தப்புல்லாம்மா அது. தப்பைக் காட்டிட்டு, இது எங்க அம்மாட்டேருந்து படிச்சதுன்னு எப்படிச் சொல்லுகது? அந்த கிளாஸ்ல ஒன்னைப் பத்தி எல்லாரும் என்ன நினைப்பாங்க?"

அந்த ஒரு வாக்கியத்துக்காகத் தட்டியில் காதை வைத்துக்கொண்டு நின்றிருக்கிறேன். அதைச் சொல்கிற தருணம் அவளுக்கு வந்திருக்கிறது, என் மானத்துக்காக அதை விழுங்கிவிட்டாள். என்னிடமிருந்து என் மகளுக்குப் போனது தப்பு. அதைத் திருத்தினது அந்தப் போனக்காட்டுக்காரி. இதை நினைத்துச் சந்தோஷப்படுவதா, வயிறெரிவதா என்று அப்போதும் தெரியவில்லை, இரண்டும் இருந்தது.

"நீ அழுகியாம்மா?"

"கல்லு பொகையுது, தெரியல்லியா?"

அடுப்பை அணைத்தேன். பெட்டியைத் திறந்து நல்ல போளிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டில் வைத்தேன். அடியில் இருந்த கிழிந்த போளியை வெளியே எடுத்தேன். மகள் அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அந்த இடத்தில் பொன்னிறமாக வந்திருந்த ஒன்றை வைத்து, மற்றவற்றை மேலே அடுக்கி, வாழையிலைத் துண்டு போட்டு மூடினேன். கிழிந்ததை நானும் அவளும் பாதிப்பாதி தின்றோம்.

"நல்லாருக்குன்னு அந்த டீச்சர் சொன்னா வந்து சொல்லு" என்றேன். "சொல்லல்லன்னாலும் வந்து சொல்லு."